தோட்டத்தைச் சந்தேகித்த தளபதி

முன்னொரு காலத்தில் சீன தேசத்தை ஓர் அரசன் ஆண்டான். அவன் பேர் என்ன, எத்தனை வருஷம் ஆண்டான் என்பதெல்லாம் இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆனால் கேளுங்கள், அவனிடம் வேலை பார்த்த தளபதி ஒருவனின் பயம் மட்டும் கதையாக நிலைத்துவிட்டது.

தளபதியின் பேர் ஹுவோ தெங். வடக்கு எல்லையில் ஒரு கோட்டையை முப்பது வருஷம் காத்தவன். அந்த முப்பது வருஷத்தில் ஒரு பகைவன்கூட அவனைத் தூக்கத்தில் பிடித்ததில்லை. அவன் தூங்கினால்தானே பிடிக்க என்று சிப்பாய்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். சோறு வந்தால் முதலில் நாய்க்கு வைப்பான். கடிதம் வந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பான். யாராவது சிரித்தால், ஏன் சிரித்தாய் என்று கேட்பான்.

தாடி நரைத்ததும் அரசன் அவனைக் கூப்பிட்டு, "போதும், ஓய்வெடு" என்று சொல்லி, தெற்கே ஆற்று நாட்டில் ஒரு வீட்டைக் கொடுத்தான். அங்கே தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடும். வாசலுக்கு வாசல் படகு நிற்கும். வீடெல்லாம் வெள்ளைச் சுவரும் கறுத்த ஓடுமாக இருக்கும். தளபதியின் மனைவி யூலானுக்குப் பார்த்ததுமே ஊர் பிடித்துப்போயிற்று. தளபதிக்குப் பிடிக்கவில்லை.

"தண்ணீரில் வருகிறவனுக்குக் காலடிச் சத்தம் கிடையாது" என்றான்.

இப்படியே ஆறு மாதம் போயிற்று. பிறகு அரண்மனையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அரசனின் தாய் ஆற்று நாட்டில் பிறந்தவள். பதினைந்து வயதில் வடக்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள். இப்போது அவளுக்கு எழுபது வயது. பிறந்த நாட்டுத் தோட்டம் ஒன்றை இன்னொரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பிளம் மரம் பூக்கும்போது உன் வீட்டுக்கு வருவாள். தோட்டம் தயாராக இருக்கட்டும். அவளுக்கு அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் உன் தலை இருக்காது. செய்தி அவ்வளவுதான்.

ஹுவோ தெங் அதை மூன்று தரம் படித்தான். தோட்டம் என்கிற வார்த்தை அவன் கண்ணில் படவே இல்லை. தலை என்கிற வார்த்தை மட்டும்தான் பட்டது.

அந்த ஊரில் தோட்டம் அமைப்பதில் கைதேர்ந்தவன் கூ மியன். மெலிந்த ஆள். விரலிடுக்கில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். தளபதி அவனைக் கூப்பிட்டு, எப்படி வேண்டும் என்று சொன்னான். "வாசலில் நின்றால் கடைசிச் சுவர் வரை தெரிய வேண்டும். நடுவில் ஒரு நேர்பாதை. இரண்டு பக்கமும் வரிசையாகத் தேவதாரு. எங்கள் வடக்கில் அப்படித்தான்."

"வடக்கே இடம் நிறைய, ஐயா" என்றான் கூ மியன். "அதனால் நேராகப் போட்டு ஒரே பார்வையில் காட்டுவார்கள். அது அரசர்களுக்கு அழகு. தென்கடற்கரைக்காரர்கள் வீட்டை ஒட்டிச் சதுரமாகக் குளம் வெட்டுவார்கள். லிச்சி மரம் வைப்பார்கள், சன்னலில் வண்ணக் கண்ணாடி பதிப்பார்கள். நிழலில் உட்கார்ந்து பழம் தின்பார்கள். அது அவர்களுக்கு அழகு. எங்கள் ஆற்று நாட்டில் இடம் கொஞ்சம். அதனால் மறைத்து மறைத்துத்தான் காட்டுவோம். மறைத்தால் சின்ன இடம் பெரிய இடமாகிவிடும். அரசனின் தாயார் பார்க்க வருவது இதைத்தானே?"

அவன் இவ்வளவு சொன்னதில் தளபதியின் காதில் தங்கியது ஒரே ஒரு சொல். மறைத்து.

வேலை தொடங்கியது.

கூ மியன் ஏரியிலிருந்து ஓட்டை ஓட்டையான பாறைகளைப் படகில் கொண்டுவந்தான். அவற்றை வாசலுக்கு நேர் உள்ளே, ஆள் உயரத்துக்கு மேல் குன்றாக அடுக்கினான். குன்றின் வயிற்றில் ஒரு குகை. வாசலில் நின்றால் பாறைதான் தெரியும், தோட்டம் தெரியாது. தளபதி குகைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். ஒருவன் தாராளமாக நிற்கலாம். "இது எதற்கு?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டான்.

அடுத்து, குளத்தைச் சுற்றி ஒரு நடைகூடம் எழும்பியது. பத்தடிக்கு ஒரு வளைவு. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு தெரியாது. அதன் சுவரில் பூவேலை செய்த சன்னல்கள், ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. சன்னலுக்குப் பின்னால் வீடும் இல்லை, அறையும் இல்லை. இரண்டு முழச் சந்து, அதில் நாலு மூங்கில், மேலே வானம். தளபதி அந்தச் சந்தின் அகலத்தை அளந்து பார்த்தான். அதிலும் ஒருவன் தாராளமாக நிற்கலாம். "இது எதற்கு?"

மூன்றாவதாக, கூ மியன் நல்லபடி நின்றிருந்த மேற்குச் சுவரை உயரத்தில் இரண்டு முழம் இடித்துக் குறைத்தான். தளபதி ஓடி வந்தான்.

"என்ன செய்கிறீர்?"

"ஊருக்கு வெளியே ஒரு கோபுரம் இருக்கிறதல்லவா, ஐயா? அதை இரவல் வாங்குகிறேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்க வேண்டாம். இங்கிருந்து பார்த்தால் போதும், நம் தோட்டத்துக் கோபுரமாகிவிடும்."

அடுத்தவன் கோபுரத்தைக் கேட்காமல் எடுக்கிறவன், அடுத்தவன் தலையை எடுக்க மாட்டானா என்று தளபதி யோசித்தான். அந்தச் சுவருக்கு இப்பால் பூச்செடிகளுக்கு நடுவே ஒரு வெற்றிடம் விட்டிருந்தது. அதிலும் ஒருவன் நிற்கலாம்.

அன்று சாப்பாட்டில் யூலானிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். "அப்படியே கிணற்றையும் தூர்த்துவிடுங்கள். ரொம்ப நாளாக ஆழமாக எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறது."

"ஏன் சிரிக்கிறாய்?" என்றான் தளபதி.

பிளம் மொட்டு வைத்த வாரம், கூ மியனின் வரைபடம் தளபதியின் கையில் சிக்கியது. குளம், குன்று, நடைகூடம் எல்லாம் கறுப்பு மையில் இருந்தன. மூன்று இடங்களில் மட்டும் சிவப்புப் புள்ளி. குகை, மூங்கில் சந்து, மேற்குச் சுவரடி.

"இந்த மூன்று இடத்திலும் என்ன வரப்போகிறது?"

"ஒன்றுமில்லை, ஐயா. கையாள்கள் ஞாபகமறதியாக எதையாவது நட்டுவிடப் போகிறார்கள் என்று குறித்துவைத்தேன். அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. தோட்டத்துக்கு மூச்சுவிடும் இடம் அது."

"ஒன்றுமில்லாததற்கு எவனாவது சிவப்பு மை செலவழிப்பானா? என்னை யாரென்று நினைத்தீர்?"

பேச்சு அத்தோடு முடிந்தது. கூ மியனை விறகுக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார்கள். தோட்டத்தை மாற்றி அமைக்க நாள் இல்லை. ஆகவே தளபதி, பகைவன் வந்து நிற்கும் முன்னே அந்த மூன்று இடத்திலும் நம் ஆளை நிறுத்திவிடுவோம் என்று முடிவு செய்தான். கோட்டையில் தன்னோடு இருந்த மூன்று சிப்பாய்களை வரவழைத்தான்.

நெட்டையனைக் குகையில் நிறுத்தினான். நாலடி வந்ததும் ஒரு யோசனை. இவனையே யாராவது விலைக்கு வாங்கியிருந்தால்? ஒற்றைக்காதனை மூங்கில் சந்தில் நிறுத்தி, குகையைக் கவனித்துக்கொள் என்றான். நாலடி போனான். ஒற்றைக்காதனையும் வாங்கியிருந்தால்? குண்டனை மேற்குச் சுவரடியில் உட்காரவைத்து, மூங்கில் சந்தைக் கவனித்துக்கொள் என்றான். இன்னும் நாலடி. அப்புறம் குண்டன் மட்டும் என்ன யோக்கியன்? திரும்பிப் போய் நெட்டையனிடம், சுவரடியைக் கவனித்துக்கொள் என்றான். அதற்குப் பிறகுதான் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

மறுநாள் காலை அரசனின் தாய் படகில் வந்து இறங்கினாள். மதியம் வாய்க்கால் மதகை மூடும் முன் படகு திரும்பியாக வேண்டும். கூட வந்த அரண்மனைக் காவலர்களை வாசலிலேயே நிற்கச் சொன்னாள்.

"எங்கள் ஊர்த் தோட்டத்தைக் கும்பலாகப் பார்க்கக் கூடாது. ஒவ்வொருவராகத்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பாறைக் குன்றைச் சுற்றிக்கொண்டு அவள் மட்டும் உள்ளே போனாள். ஐம்பத்தைந்து வருஷம் நேர்பாதையிலேயே நடந்த கால்கள் அவை. முதல் வளைவில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சின்னப்பெண்போலச் சிரித்துக்கொண்டாள்.

மூன்றாவது வளைவில் ஒரு சன்னல். பிளம் பூ வடிவம். மூங்கில் அசைவதைப் பார்க்கலாம் என்று அருகில் போய் முகத்தை வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது. அந்தக் கண் சிமிட்டியது. கண்ணுக்குக் கீழே ஓர் ஈட்டி முனை அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. ஓர் அடி பின்னால் வந்து, "மூங்கிலுக்குக் கண் முளைத்திருக்கிறது" என்று சற்றுச் சத்தமாகச் சொன்னாள்.

அவ்வளவுதான். காவலர்கள் உள்ளே பாய்ந்தார்கள். சந்திலிருந்து ஒருவனை இழுத்தார்கள். குகையிலிருந்து ஒருவனை இழுத்தார்கள். செடிக்குப் பின்னாலிருந்து, கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாத குண்டனைத் தூக்கிக்கொண்டே வந்தார்கள். காவல் தலைவன் ஹுவோ தெங்கை முழங்காலில் தள்ளி, பிடரியில் வாளை வைத்தான்.

"அரசன் தாயை வரவழைத்து, தோட்டம் முழுக்க ஆளை ஒளித்துவைத்திருக்கிறாய். இதற்கு என்ன பேர், சொல்!"

பகைவனுக்குப் பயந்து வைத்தேன் என்று தளபதி சொன்னால் எவன் நம்புவான்? அவனே நம்ப மாட்டானே.

அரசனின் தாய் கேட்டாள், "இந்த ஒளிவிடங்களைக் கட்டியவன் யார்? எங்கே அவன்?"

"விறகுக் கொட்டகையில், தாயே" என்றாள் யூலான். கணவன் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

கூ மியனைக் கொண்டுவந்தார்கள். தலையெல்லாம் மரத்தூள். "இந்த ஆள் சொல்லித்தான் இவற்றைக் கட்டினாயா?" என்று கேட்டாள் அரசனின் தாய்.

ஹுவோ தெங் கண்ணை மூடிக்கொண்டான். ஆமாம் என்று கூ மியன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலை போய்விடும். கூ மியன் இடத்தில் தான் இருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான்.

கூ மியன் மூன்று சிப்பாய்களையும் பார்த்தான். மிதிபட்ட செடிகளைப் பார்த்தான். முந்தின நாள் தளபதி அவர்களுக்குப் போட்ட உத்தரவெல்லாம் கொட்டகை வரை கேட்டிருந்தது. "தாயே, நான் கட்டியது காலியிடம். ஆளை வைத்தது அவர்தான். எதற்கு வைத்தார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். இவர்களை முன்பு நின்றபடியே நிற்கச் சொல்லுங்கள்."

மூன்று பேரும் போய் நின்றார்கள்.

"கொல்ல வந்தவனின் ஈட்டி விருந்தாளி நடக்கும் பாதையைப் பார்த்திருக்கும். இவர்களுடையது எங்கே பார்க்கிறது?"

அரசனின் தாய் பார்த்தாள். குகை ஈட்டி சுவரடியைப் பார்த்தது. சுவரடி ஈட்டி மூங்கில் சந்தைப் பார்த்தது. சந்து ஈட்டி சன்னல் வழியே குகையைப் பார்த்தது. நடைகூடத்தில் நடந்து வருகிறவரை ஒன்றும் பார்க்கவில்லை.

"உனக்கு என்ன உத்தரவு?" என்று நெட்டையனைக் கேட்டாள்.

"குண்டன் அசைந்தால் எறி என்று உத்தரவு, தாயே."

"உனக்கு?"

"ஒற்றைக்காதன்மேல் கண் வைக்க வேண்டும்" என்றான் குண்டன். "வேண்டாமென்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது. என் போர்வையைத் திருடியவன்."

"எனக்கு நெட்டையன், தாயே" என்றான் ஒற்றைக்காதன். "நீங்கள் சன்னலை மறைத்துவிட்டீர்கள். அதனால்தான் உங்களைப் பார்க்கும்படி ஆயிற்று."

"அப்படியானால் என்னைக் காப்பது யார்?"



அரசனின் தாய் தளபதியின் பிடரியிலிருந்து வாளை எடுக்கச் சொன்னாள். "துரோகி எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். இவன் என்னை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை." பிறகு தளபதியிடம் சொன்னாள். "தலையை நீ வைத்துக்கொள். வாளைக் கொடு. ஒரு வருஷம் இந்த வீட்டில் காவல் கூடாது. தினமும் காலையில் இந்த நடைகூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீ தனியாக நடக்க வேண்டும்."

அதற்குள் படகுக்காரன் கூப்பிட்டுவிட்டான். தோட்டத்தில் முக்கால்வாசியை அவள் பார்க்கவே இல்லை. "எனக்கு ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, எதைக் காட்டுவாய்?" என்று கூ மியனிடம் கேட்டாள். அவன் அவளை மேற்குச் சுவரடிக்கு அழைத்துப் போனான். குண்டன் உட்கார்ந்த சேற்றில் பட்டுக் காலணியோடு நின்று, அவள் கோபுரத்தைப் பார்த்தாள். அப்படியே போய்ப் படகில் ஏறிவிட்டாள். அடுத்த வருஷம் அவள் வரவில்லை. எழுபது வயதுக்காரிக்கு அடுத்த வருஷம் என்பது யாரும் வாக்குக் கொடுக்கக்கூடிய ஒன்றல்லவே.

ஹுவோ தெங் நடந்தான். முதல் நாள் ஒவ்வொரு வளைவிலும் கை இடுப்பில் வாளைத் தேடியது. ஒவ்வொரு வளைவிலும் ஓர் இலை, ஒரு துண்டு வானம், கொஞ்சம் தண்ணீர். வேறு யாரும் இல்லை.

அவன் மனதில் இப்போது ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். அந்தக் கூ மியன் ஏன் என்னைக் காப்பாற்றினான்? அவனுக்கு என்ன வேண்டும்? கூ மியன் மிதிபட்ட செடிகளைப் பிடுங்கிப் புதிது நட்டுக்கொண்டு இன்னும் ஒரு மாதம் அங்கேயேதான் இருந்தான். தினமும் பத்தடி தூரத்தில்தான் இருந்தான். தளபதி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்நோக்கம் தெரிந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தான்.

கோடை போய் இலையுதிர்காலம் வந்தது. யோசித்து யோசித்துப் பார்த்தும் ஓர் உள்நோக்கமும் அகப்படவில்லை. ஒரு காலையில், நடைகூடத்தின் பாதியில், அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. அங்கிருந்தே ஓடினான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஊர் முழுக்க விசாரித்தான். வாய்க்காலோரத்தில் ஒரு படகுக்காரன் சொன்னான், "கூ மியனா? அவன் சித்திரையிலேயே வேறு ஊருக்குப் போய்விட்டானே. எந்த ஊர் என்று யாரும் கேட்டுவைக்கவில்லை."

காரணமில்லாமல் சந்தேகப்படுகிறவன், தான் அஞ்சும் ஆபத்தைத் தன் கையாலேயே உண்டாக்குகிறான், தனக்கு நல்லது செய்தவனையும் இழந்துபோகிறான்.