தீயில்லாமல் வெந்த வெள்ளை

முத்துத்துறையை ஆண்ட பூழிமாறன் மகாராஜாவுக்கு மீன் என்றால் உயிர். ராஜ்ஜியத்தில் பாதி போனாலும் தாங்கிக்கொள்வார்; மதியம் இலையில் மீன் இல்லையென்றால் தாங்கமாட்டார்.

ஒருநாள் காலை, அரண்மனைச் சமையல் சாமான்களைக் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்த உக்கிராணக்காரன் மாசாணத்தைக் கூப்பிட்டார். "நல்ல வெள்ளையாகப் பார்த்து நிறைய வாங்கி வை" என்று சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போனார்.

அந்தக் கடற்கரையில் வெள்ளை என்றால் கிழங்கான் மீன். மாசாணமோ உள்நாட்டுக் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு வெள்ளை என்றால் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு. நான்கு வண்டி சுண்ணாம்பை அரண்மனைக் கொல்லையில் இறக்கிவிட்டான்.

அதோடு விட்டானா? வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வந்து இறங்கினால் அடுப்புகளை அணைத்துவிட வேண்டும். சுவர் காய்ந்து, பால் காய்ச்சும்வரை அரண்மனைக்குள் தீ மூட்டக்கூடாது. அது அங்கே பரம்பரைச் சம்பிரதாயம். கடமை தவறாத மாசாணம் பதினெட்டு அடுப்பிலும் தன் கையாலேயே தண்ணீரை ஊற்றினான்!

ராஜா அகோரப் பசியோடு திரும்பினார். மீனும் இல்லை, அடுப்பும் இல்லை.

மந்திரி பெருந்தேவராயருக்கு வாயெல்லாம் பல். உக்கிராண வேலைக்குத் தன் மைத்துனனைக் கொண்டுவர அவர் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்!

"மகாராஜா, வெளியே சமைத்ததை நீங்கள் தொடக்கூடாது. உள்ளே தீ மூட்டக்கூடாது. இந்த முட்டாளை நாடு கடத்துவதுதான் சரி" என்றார்.

பசியில் ராஜாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. "மாசாணம்! மூன்று நாழிகை தருகிறேன். அரண்மனைக்குள்ளேயே, தீயில்லாமல் சமைத்த மீன் என் இலைக்கு வரவேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டு!"

மாசாணத்தின் மனைவிக்கு நிறைமாதம். அவன் அழுதுகொண்டே அரசவை விகடர் செவ்வந்தியப்பரிடம் ஓடி, நடந்ததையெல்லாம் கொட்டினான்.

செவ்வந்தியப்பர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ இறக்கின சுண்ணாம்பு நீற்றினதா, நீற்றாததா?"

"நீற்றாததுங்க ஐயா. சூளையிலிருந்து நேரா வந்ததுங்க."

"கொத்தனார் மகனே, பிறகு எதற்கடா அழுகிறாய்? ஓடு, மீன் வாங்கி வா. இந்தத் தடவை துள்ளுகிற வெள்ளையாகப் பார்த்து வாங்கு!"

மூன்று நாழிகை முடியுமுன் ராஜாவின் இலையில் ஆவி பறக்கும் கிழங்கான் வந்து விழுந்தது. மஞ்சளும் மிளகும் பூசி, பூப்போல வெந்திருந்தது. ராஜா ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மோசடி!" என்று கத்தினார் மந்திரி. "எங்கேயோ தீ மூட்டியிருக்கிறார்கள்!"

"தேடிப் பாருங்கள், மந்திரியாரே" என்றார் செவ்வந்தியப்பர்.

மந்திரி அடுப்பு அடுப்பாகத் தலையை விட்டார். எல்லாம் சில்லென்று கிடந்தன. கடைசியில் கொல்லைக்கு ஓடினார், எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். அங்கே சுண்ணாம்புக் குழி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நடுவே வாய் இறுக மூடிய ஒரு செம்புப் பானை.

"தீயும் இல்லை, புகையும் இல்லை, மகாராஜா" என்றான் மாசாணம். "நீற்றாத சுண்ணாம்பில தண்ணி ஊத்தினா அதுவே கொதிக்குமுங்க. கொத்தனார் வீட்டுல குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் அழுகையில மறந்துபோச்சுங்க."

மந்திரி நம்பவில்லை. பானையைத் தொட்டார். "ஐயையோ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு குதித்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாசாணம், நீதான் இனி எந்நாளும் என் உக்கிராணக்காரன். நாளைக்கே சுவருக்கும் வெள்ளையடித்துவிடு. செவ்வந்தியப்பரே, உமக்கு என்ன வேண்டும்? பொன்னா? கிராமமா? தாமதிக்காமல் கேளும்!"

செவ்வந்தியப்பர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழி ஓரமாக உட்கார்ந்தார்.

"அதெல்லாம் நாளைக்கு ஆகட்டும், மகாராஜா. குழி ஆறுவதற்குள் எனக்கு இரண்டு மீன் கொடுக்கச் சொல்லுங்கள்!"