வீராயியின் காலடியும் இரண்டு காதச் சட்டமும்

நிலாவுக்கு ரதம் விட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மஞ்சள்மேட்டு நாட்டை ஆனைமேலழகன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் பக்கத்து நாட்டான் தும்மினால்கூட, அதை நாம் ஏன் முதலில் தும்மவில்லை என்று கேட்கிற ஆள்.

பக்கத்து நாடு கருங்குன்றம். நிலாவில் முதன்முதலில் கால் வைத்தது அந்த நாட்டுக் கொல்லன் மகள் வீராயி. அவள் ராணியுமல்ல, தளபதியுமல்ல. ரதத்தில் ஏதாவது கழன்றால் முடுக்குவதற்காகக் கூட்டிப்போன பெண். ரதம் தரை தட்டியதும் அடியில் எது கழன்றதென்று பார்க்க அவள்தான் முதலில் குதித்தாள். அவசரத்தில் சுத்தியலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நிலாவில் காற்றுமில்லை, மழையுமில்லை. அவள் கால்தடம் வைத்தது வைத்தபடி இருந்தது.

இதைக் கேட்டதிலிருந்து ஆனைமேலழகனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சபையில் மல்லப்பராயர் எழுந்தார். அமைச்சர் பெருந்தேவியின் ஆசனத்தின்மேல் அவருக்குப் பத்து வருஷமாக ஒரு கண்.

"மகாராஜா, நிலா எந்த அரசனுக்கும் சொந்தமில்லை என்று ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மண்ணே யாருக்கும் சொந்தமில்லை என்றால், மண்ணில் விழுந்த தடம் மட்டும் யாருக்குச் சொந்தம்? நம் ரதத்தை அதன் தலையிலேயே இறக்குவோம். கிளம்புகிற புழுதியில் தடம் போன இடம் தெரியாது. பிறகு தாங்கள் திருவடி வைத்தால் அதுதான் முதல் தடம்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "பெருந்தேவியம்மா, இதைத் தடுக்கச் சட்டம் ஏதும் உண்டா?"

அந்தத் தடத்தை அழிக்கப் பெருந்தேவிக்கு மனசில்லை. மனுஷ ஜாதியில் ஒருத்தி வேறொரு மண்ணை முதன்முதலாக மிதித்த இடம் அது. அழிந்தால் அழிந்ததுதான், இன்னொரு முதல் தடத்தை எந்த ராஜாவாலும் உண்டாக்க முடியாது. ஆனால் பொய் சொல்லவும் அவளுக்கு வராது.

"இல்லை மகாராஜா. அப்படி ஒரு சட்டம் இல்லை."

"அப்படியானால் நீங்களும் ரதத்தில் வருகிறீர்கள். புழுதிக்குத் தப்பி ஏதாவது மிச்சமிருந்தால் உங்கள் காலாலேயே தேய்த்துவிடுங்கள்."

மல்லப்பராயர் சால்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பெருந்தேவி அன்று முழுக்கச் சட்ட ஓலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் முதல் ஆளாகச் சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, ஒரே ஒரு கவலை. தாங்கள் தடம் பதித்துத் திரும்பிய மறுவாரமே கருங்குன்றத்து ரதம் அதன்மேல் வந்து இறங்கினால் என்ன செய்வது? அதைத் தடுக்கவும் சட்டம் இல்லையே."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். "இல்லாவிட்டால் எழுதுங்கள். நிலாவுக்கு முன்பே போய்வந்தவர் தடத்தைப் பின்னால் வருகிற யாரும் தொடக் கூடாது. நான் கொடியும் நட்டுவிட்டு வரப் போகிறேன். ஆகவே அவர்கள் விட்டுவந்த பொருளையும் தொடக் கூடாது."

"நூறு முழத்துக்குள் ரதம் இறங்கவும் கூடாது, யாரும் நடந்து போகவும் கூடாது என்று போடட்டுமா?" என்றாள் பெருந்தேவி.

மல்லப்பராயர் விடுவாரா? "மகாராஜாவின் திருவடிக்கு அமைச்சர் தரும் மரியாதை நூறு முழம்தானா? இரண்டு காதம் என்று போடுங்கள்."

"போடுகிறேன். மகாராஜா போய்வந்த பிறகு சட்டம் நடப்புக்கு வரட்டும். அதுதான் சௌகரியம்."

"சூழ்ச்சியைப் பார்த்தீர்களா மகாராஜா? தாங்கள் திரும்பி வருவதற்குள் கருங்குன்றத்தான் பின்னாலேயே போய் அழித்துவிட்டால்? கைநாட்டு விழுந்த நிமிஷமே நடப்புக்கு வர வேண்டும்."

"ராயர் சொல்வதே சரி," என்றான் ராஜா.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். புதுச் சட்டத்தில் ராஜா கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்து, 'இது முதலில் என்னைக் கட்டும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனையோ சட்டத்துக்குச் சொல்லிப் பழகிய வார்த்தை. ஆனைமேலழகன் கொட்டாவியோடு சொன்னான். ஓலை ஐம்பத்தாறு தேசத்துக்கும் போயிற்று.

பத்தாம் நாள் ரதம் புறப்பட இருந்தது. பெருந்தேவி ரத ஓட்டியிடம், "எங்கே இறக்கப் போகிறீர்?" என்று கேட்டாள்.

"வீராயி தடத்தின்மேல் அம்மா."

"முடியாதே. இன்றைய தேதிக்கு முன்னால் போனவள் அவள்தான். இரண்டு காதத்துக்குள் யாரும் இறங்கக் கூடாது."

"அது மற்ற ராஜாக்களுக்கு," என்றார் மல்லப்பராயர்.

"முதலில் நம் மகாராஜாவுக்கு. அவரே வாய்விட்டுச் சொன்னார். இரண்டு காதமும், உடனே நடப்புக்கு வர வேண்டும் என்பதும் நீங்கள் சொன்னது."

ராஜாவின் முகம் சிவந்தது. "கிழித்துப் போட்டுவிடலாம் மகாராஜா," என்று ராயர் காதைக் கடித்தார். அந்த நேரம் பார்த்துக் கருங்குன்றத்துத் தூதன் ஓலையோடு வந்து நின்றான். பெருந்தேவி வாங்கி வாசித்தாள்.

"தங்கள் சட்டத்துக்கு நாங்களும் கட்டுப்பட்டோம். தங்கள் தந்தையார் அனுப்பி, நிலாவில் விழுந்து நொறுங்கிய ஆளில்லாத ரதத்தின் செப்புத் தகடுகளைப் பெயர்த்துவர எங்கள் வியாபாரிகள் புறப்பட்டிருந்தார்கள். அவர்களைத் திருப்பி அழைத்துவிட்டோம்."

ராஜா ரதத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு தரம் வாசியுங்கள்," என்றான். வாசித்தாள். "அதைச் செய்ய அப்பாவுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. விழுந்துவிட்டதென்று தெரிந்த அன்று ஊரே சிரித்தது. ஒருத்தரும் அதைப் பொருட்டாக மதித்ததில்லை." பிறகு எழுந்தான்.

"சட்டம் கிழியாது. ராயரே, ஐம்பத்தாறு சபைக்கும் நீரே போய் இதை வாசித்துவிட்டு வாரும். இரண்டு காதம் எப்படி வந்ததென்பதையும் ஒளிக்காமல் சொல்லும். பெருந்தேவியம்மா, ரதத்தில் என் பக்கத்து ஆசனத்தில் ஏறுங்கள்."

ரதம் நிலாவில் இரண்டு காத எல்லைக்கு வெளியே இறங்கியது. ராஜா கொடியைப் பிரிக்கவே இல்லை.

"அப்பாவின் ரதம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

பெருந்தேவி கை காட்டினாள். அந்தத் திசையில் வெறும் சாம்பல் மேடுதான் தெரிந்தது.

"நான்கூடக் கிட்டே போக முடியாதா?"

"முடியாது மகாராஜா."

ஆனைமேலழகன் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். "போகாவிட்டால் போகிறது," என்றான். "இனி யார் வந்தாலும் அது அங்கேயே இருக்கும்."