வேங்கை மரத்துத் தேனீக்களும் சந்தைக் கொசுவலையும்

காட்டுச் சுனையின் கரையில் ஒரு வேங்கை மரம். அதன் பொந்தில் தேனீக்கள் குடியிருந்தன. சுனைக்கு எதிர்ப்புறப் பாறையில் கதண்டுகள் என்னும் பெருங்குளவிகள் புதிதாகக் கூடு கட்டின.

கதண்டுகளுக்குத் தேன் வேண்டாம். பொந்துக்குள் அடைகளில் படுத்திருந்த புழுக்கள்தான் வேண்டும். சிறகு முளைக்காத, வெளிச்சம் பார்க்காத தேனீக் குழந்தைகள்.

முதல் நாள் நான்கு கதண்டுகள் வந்தன. மறுநாள் பதினொன்று. வாசற்காவல் தலைவி தும்பை தன் படையோடு பாய்ந்தாள். ஒரு கதண்டை வீழ்த்த முப்பது தேனீக்கள் வேண்டும். அத்தனை பேரும் அதை உருண்டையாகச் சூழ்ந்து, தங்கள் உடம்புச் சூட்டாலேயே வேகவைத்துக் கொல்ல வேண்டும். முப்பதில் பத்துப் பேர் திரும்புவதில்லை. கதண்டுகளோ குறைவதே இல்லை. ஒன்று விழுந்தால் மறுநாள் மூன்று வந்தன.

மூன்றே நாளில் காவல் படையில் பாதி போய்விட்டது. விழுந்தவர்கள் மரத்தடியில் சருகோடு சருகாகக் கிடந்தார்கள். காற்று அடித்தபோது சிறகுகள் மட்டும் மினுங்கின.

தும்பை ஆயுதசாலைக்கு ஓடினாள். அதன் தலைவி கொன்றை, சபையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, புழுக்கள் சிறகு முளைத்து வெளியே வரப் பன்னிரண்டு நாள் ஆகும். என் படை நான்கு நாள்தான் தாங்கும். ஏதாவது கொடுங்கள்!"

"கொடுக்கத்தானே போகிறோம்! வாசலுக்கு மெழுகுக் கதவு செய்யப் போகிறோம். சபை நாற்பத்தொரு நிபந்தனை வகுத்திருக்கிறது. மூன்று மழைக்காலம் தாங்க வேண்டும். தீயில் உருகக் கூடாது. யானை சாய்ந்தாலும் உடையக் கூடாது!"

"மெழுகு தீயில் உருகாமல் எப்படி இருக்கும்?"

"அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்!"

"யானை எப்போது நம் பொந்துக்குள் நுழைந்தது, அக்கா?"

"இதுவரை நுழைந்ததில்லை. நாளைக்கு நுழைந்தால் நீ பதில் சொல்வாயா?"

"சரி, கதவு எப்போது கிடைக்கும்?"

"அடுத்த பூக்காலத்துக்குள்!" என்றாள் கொன்றை பெருமையாக.

தும்பை வெளியே வந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் பறந்தவள், மருதமரத்தடிச் சந்தையில் வந்து இறங்கினாள்.

அங்கே சுருளி என்ற சிலந்தி கொசுவலை விற்றுக்கொண்டிருந்தாள். ஓர் அணில் தன் குட்டிகளின் கூட்டுக்கு ஒன்று எடுத்துப் போனது. ஒரு முயல் வளைக்கு ஒன்று கேட்டது. விலை என்று சுருளி எதுவும் வாங்குவதில்லை. வலையில் விழும் கொசுக்கள் அவளுக்கு. அவ்வளவுதான் பேச்சு.

தும்பை தூரத்திலேயே நின்றாள். ஒரு தேனீ சிலந்தியோடு பேசியதாக அந்தக் காட்டில் யாரும் கேட்டதில்லை.

"என்னம்மா, வழி தவறிவிட்டாயா? இல்லை, உயிரே வெறுத்துவிட்டதா?" என்று சுருளி சிரித்தாள்.

"வலை வேண்டும்."

"கொசுத் தொல்லையா?"

"கதண்டு."

சுருளியின் எட்டுக் கால்களும் நின்றுவிட்டன. "கதண்டா! ஒன்று கிடைத்தால் எனக்கு மூன்று நாள் விருந்து! ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். இது கொசுவுக்குப் பின்னிய வலை. கதண்டைத் தாங்குமா என்று எனக்கே தெரியாது. தாங்கும் என்று பொய் சொல்லி விற்க மாட்டேன்."

"தெரிந்துகொள்ள எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு காலைப்பொழுது!"

அந்தப் பதில் தும்பைக்குப் பிடித்துப் போயிற்று. சுருளியை அழைத்துக்கொண்டு மரத்துக்கு வந்தாள். கொன்றை வாசலை மறித்துக்கொண்டாள்.

"நம் மெழுகில் செய்யாத எதையும் இந்த வாசலில் நாம் வைத்ததில்லை. அதுவும் சிலந்தி வலையா! நம் பெண்களே அதில் விழுந்தால்? இவள் தின்ன மாட்டாளா?"

"கேட்க வேண்டிய கேள்விதான், அக்கா. அதனால் முதலில் நானே விழுந்து பார்க்கிறேன்."

மறுநாள் காலை வாசலில் வலை தொங்கியது. தும்பை தூரத்திலிருந்து வேகமாக வந்து அதில் மோதினாள். ஒட்டிக்கொண்டாள். உதறினாள். இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

சுருளி நூல் மேல் மெதுவாக இறங்கி வந்தாள். அன்று அவள் இன்னும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பொந்தின் விளிம்பில் தேனீக்கள் கூடி நின்று பார்த்தன. சுருளி தன் முன்னங்காலைத் தும்பையின் கழுத்தருகே நீட்டினாள்.

"விடாதீர்கள்! தின்னப் போகிறாள்!" என்று கொன்றை அலறினாள்.

"அட, சும்மா இருங்கள்! அளவு எடுக்க விடுங்கள்!" என்றாள் சுருளி. தும்பையின் தோளிலிருந்து தோளுக்குக் காலால் அளந்தாள். பிறகு நூலை அறுத்து அவளை விடுவித்தாள். "தப்பு என்னுடையதுதான். வலைக்கண் கொசு அளவு. உன் உடம்பு அளவுக்குப் பெரிதாக்கினால் நீ சிறகை மடக்கி நுழைந்துவிடுவாய். கதண்டு நுழையாது. நூலை மட்டும் மூன்று இழையாக முறுக்க வேண்டும்."

"பெரிதாக்குவதா! எள்ளளவு ஓட்டையும் இருக்கக் கூடாது என்பது எங்கள் பதினேழாம் நிபந்தனை!" என்றாள் கொன்றை.

"அப்படியானால் பூவுக்குப் போனவர்கள் எந்த வழியாக வீட்டுக்கு வருவார்கள், அக்கா?" என்று தும்பை கேட்டாள். சபையில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுருளி மூன்று இழை நூலில் பெரிய கண் விட்டு வலையைப் புதிதாகப் பின்னி முடித்தாள். உச்சி வெயிலில் ஏழு கதண்டுகள் வந்தன. முதல் கதண்டு மோதியதும் வலை உள்ளே வளைந்தது. வளைந்து, திரும்பி நின்றது. கதண்டு அதிலேயே கிடந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் விழுந்தன. மற்றவை திரும்பிப் பறந்தன.

அன்று மாலை தும்பை தன் படையைப் பார்த்தாள். காலையில் நின்ற அத்தனை பேரும் நின்றார்கள்.

கதண்டுகளின் தலைவன் செங்கொடுக்கன் முட்டாள் அல்ல. மறுநாள் அவன் கூட்டம் பறந்து வரவில்லை. மரப்பட்டையைப் பிடித்து, வலைக்குக் கீழே நடந்து வந்தது. அதை விரட்டுவதற்குள் இரண்டு புழுக்கள் பறிபோயின.

"பார்த்தாயா உன் சந்தைச் சரக்கின் லட்சணத்தை! அறுத்து எறி!" என்றாள் கொன்றை.

தும்பை வலையை அறுக்கவில்லை. சபைக்கும் போகவில்லை. நேரே சுருளியிடம் போனாள்.

"கீழே நடந்து வருகிறார்கள், சுருளி!"

"எந்தப் பக்கம்? எவ்வளவு அகலம்? வந்து காட்டு!"

பொழுது சாய்வதற்குள் மரப்பட்டை முழுவதும் பசைநூல் ஓடியது. அடுத்த நாள் நடந்து வந்த கதண்டுகள் கால் தூக்க முடியாமல் நின்றன.

பிறகு செங்கொடுக்கன் உயரத்திலிருந்து சருகுகளைப் போட்டான். சருகு ஒட்டி வலை மூடிக்கொண்டது. சுருளி கையைப் பிசைந்தாள். அப்போது தும்பை ஒரு குரல் கொடுத்தாள். தேனீக்கள் வாசலில் வரிசையாக நின்று சிறகு வீசின. சருகுகள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு பறந்தன.

"இது எனக்குத் தோன்றவே இல்லையே!" என்றாள் சுருளி.

"நாங்கள் தேனை உலர்த்துவது இப்படித்தான்," என்றாள் தும்பை.

செங்கொடுக்கன் ஒரு வழி கண்டுபிடிப்பான். தும்பை கவனித்து வந்து சொல்வாள். சுருளி அன்றைக்கே திருத்துவாள். நாட்கள் இப்படியே போயின. முதலில் தொங்கிய வலைக்கும் ஒன்பதாம் நாள் வலைக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை.

அந்த ஒன்பதாம் நாள் கொன்றை தயங்கித் தயங்கி வலையருகே வந்தாள். ஒட்டுப் போட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதற்கு ஏதாவது வேண்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணீர், அம்மா. வெயிலில் பசை காய்ந்துவிடுகிறது. ஈரம் இருந்தால் போதும்," என்றாள் சுருளி.

கொன்றை தன் சபையைத் திரும்பிப் பார்த்தாள். "எழுந்திருங்கள்! நிபந்தனைகளைப் பிறகு பேசலாம். சுனைக்கு நடங்கள்!"

ஆயுதசாலைச் சபை முழுவதும் வாய் நிறைய நீர் சுமந்து வந்து நூல்களை நனைத்தது. நாற்பத்தொரு நிபந்தனையில் எதிலும் இல்லாத வேலை அது. அதற்குப் பிறகு தும்பை கொன்றையை அக்கா என்று கூப்பிட்டபோது குரலில் கசப்பு இல்லை.

பன்னிரண்டாம் நாள் விடிந்தது. அடைகளின் மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஈரச் சிறகோடு இளம் தேனீக்கள் தள்ளாடி வெளியே வந்தன. பறிக்க இனிப் புழுக்கள் இல்லாததால், செங்கொடுக்கனின் கூட்டம் ஒருமுறை மரத்தைச் சுற்றிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

சில நாள் கழித்து ஓர் இளம் தேனீ முதன்முதலாகப் பறக்க வாசலுக்கு வந்தது. வலையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுருளியைப் பார்த்து நின்றது.

"நீங்கள் யார்?"

"சந்தையில் கொசுவலை விற்பவள்."

"உங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது!"

"இருந்துவிட்டுப் போகட்டும். சிறகை மடக்கிக்கொண்டு போ, மகளே. அந்த வழி உன் அளவுக்குத்தான் விட்டிருக்கிறது."

அந்தச் சின்னத் தேனீ சிறகை மடக்கியது. நுழைந்தது. வெயிலுக்குள் போனது.

ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டால், நம் வீட்டில் செய்ததா என்று கேட்டுக்கொண்டிராமல், கிடைத்ததைச் சோதித்து, அதன் குறையைச் செய்தவரிடமே அன்றன்றைக்குச் சொல்லித் திருத்திக்கொள்பவர்களே தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவார்கள்.