தையல்சிட்டு சொன்ன ‘தெரியாது’

வெகுகாலத்துக்கு முன், நாவல் மரத்தடிக் குளத்தில் விடிந்ததும் ஒரு சத்தம் கேட்கும். டுவிட், டுவிட், டுவிட். கட்டைவிரல் அளவே இருந்த ஒரு தையல்சிட்டு, இலைகளைத் தைத்துக்கொண்டே எழுப்பிய குரல் அது. அந்தக் காட்டுக்கு அதுதான் வைத்தியக்காரி.

ஒருமுறை கொக்கின் வலது கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது. கண் வெந்து, பால்போல் வெளுத்துவிட்டது. தையல்சிட்டு கொக்கின் நல்ல கண்ணோரத்திலிருந்து பாதி எள்ளளவு சதையைக் கிள்ளியது. அதைச் சிலந்தி வலையில் பரப்பி, ஈரம் காயாமல் பதினைந்து நாள் வளர்த்தது. பிறகு வெந்த கண்ணின்மேல் வைத்துத் தைத்தது. மழைக்காலம் முடிவதற்குள் கொக்கு அந்தக் கண்ணாலேயே மீன் பார்த்தது.

"உடம்பில் அங்கங்கே முளைகள் ஒளிந்திருக்கின்றன. பழுதான இடத்தைப் புதிதாக வளர்ப்பவை அவை" என்றது தையல்சிட்டு.

செய்தி காடெங்கும் பரவியது. ஆண் முயல் ஒன்று மூச்சிரைக்க ஓடிவந்தது. அதன் மனைவியின் முதுகில் மரக்கிளை விழுந்து, பின்னங்கால் இரண்டும் செத்துவிட்டன. முன்னங்கால்களால் உடம்பை இழுத்து இழுத்துத்தான் அது புல் மேய்ந்தது.

"சிட்டக்கா, கண்ணையே முளைக்கவைத்தீர்கள். காலையும் எழுப்பிக் கொடுங்கள்."

"கண்ணோரத்து முளைக்குக் கண் வேலைதான் தெரியும் தம்பி. இது முதுகுத்தண்டு. நான்கு அணில்களுக்குச் செய்து பார்த்தேன். ஒன்றுக்கு ஒரு விரல் அசைந்தது. மற்ற மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன."

"எப்போது தெரியும்?"

"தெரியாது. முளையை வளரச் சொல்லக் கற்றுவிட்டேன். போதும், நில் என்று சொல்ல இன்னும் கற்கவில்லை."

முயல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. வழியில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பல்லி, புத்தம் புது வாலோடு.

"அந்தச் சிட்டுக்கு எல்லாவற்றுக்கும் பயம் தம்பி. என் முளைநீரைப் பார். காலும் வளரும், காதும் வளரும், கிழவனுக்கு இளமையும் வரும். இந்தப் பல்லியைக் கேள்."

"வால் அடியோடு போய்விட்டது. அண்ணன் மருந்து தடவினார், வளர்ந்துவிட்டது" என்றது பல்லி. அது பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தது.

நிலக்கடலைக் காட்டின் வேலியில் முயல்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் ஓட்டை இருந்தது. மருந்துக்குக் கூலியாக அதைக் காட்டித் தந்தால் போதும் என்றது நரி. ஆண் முயல் காட்டிக் கொடுத்தது.

வீட்டில் பெண் முயல் சிரித்தது. "நடந்தாலும் உங்கள் பின்னால்தான் வரப்போகிறேன் மச்சான். கொஞ்சம் மெதுவாக வந்தால் என்ன?"

"எனக்காக ஒருமுறை பார்ப்போம்" என்றது ஆண் முயல். அதற்குமேல் பெண் முயல் மறுக்கவில்லை. நரி ஒரு கூரிய முள்ளால் அதன் முதுகில் முளைநீரை ஏற்றியது.

ஒரு மாதம் போனது. கால் அசையவில்லை. ஆனால் முதுகில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி எழுந்தது. அது வளர்ந்தது. வளர்ந்துகொண்டே இருந்தது. இப்போது முன்னங்கால்களும் மரத்தன. புல்லை எட்டிப் பிடிக்கக்கூட முடியவில்லை. ஆண் முயல் நரியைத் தேடிப் போனது. நரி கடலையைத் தின்று தீர்த்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போயிருந்தது. தோட்டக்காரர் வேலி ஓட்டையையும் அடைத்திருந்தார்.

நலம் விசாரிக்கப் பல்லி வந்தது. பெண் முயல் படுத்தபடியே கேட்டது. "பல்லியண்ணே, இது உங்களுக்கு எத்தனையாவது வால்?"

"மூன்றாவது."

"இரண்டாவது வாலும் நரி மருந்தில்தான் வளர்ந்ததா?"

"அப்போது எனக்கு அவரைத் தெரியவே தெரியாதே" என்ற பல்லி, தன் வாலைத் திரும்பிப் பார்த்தது.

ஆண் முயல் நாவல் மரத்தடிக்குப் போய் நின்றது. "என்னைத் திட்டுங்கள் அக்கா."

"அதற்கு நேரமில்லை. சிலந்தி நூல் கொண்டுவா" என்றது தையல்சிட்டு.

கட்டியை வெட்டி எடுக்க ஒரு பகல் முழுதும் ஆயிற்று. முன்னங்கால்களுக்கு உயிர் திரும்பியது. தையல்சிட்டு அந்தக் கட்டியைத் தூக்கி எறியவில்லை. இலைப்பையில் வைத்து, முளை ஏன் நிற்க மறுத்தது என்று இரண்டு வருடம் ஆராய்ந்தது.

மூன்றாம் வருடம், மரத்திலிருந்து விழுந்து கால் செத்த ஓர் அணிலுக்கு மறுபடி செய்து பார்த்தது. அணில் எழுந்தது. நான்கு எட்டு வைத்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றது கொக்கு.

"இன்றைக்கு அவ்வளவுதான்" என்றது தையல்சிட்டு.

புதர் ஓரத்தில் படுத்திருந்த பெண் முயல் கூப்பிட்டது. "அணில் தங்கச்சி, எனக்கும் சேர்த்து ஓர் எட்டு வையேன்."

அணில் மறுபடி எழுந்து ஐந்தாவது எட்டையும் வைத்தது.

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வைத்தியரையே நம்ப வேண்டும்; அவர் கற்று முடிக்கும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். ஆண் முயல் குளத்தின் அக்கரையிலிருந்து தினமும் அருகம்புல் கொண்டுவந்து ஊட்டியது. பெண் முயல் கடைசிவரை நடக்கவில்லை.