சொல்லக்கூடாத வார்த்தை

அத்திப்பள்ளம் ஆற்றின் மேல் நூறு வயதுத் தொங்குபாலம் ஒன்று இருந்தது. அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேறு வழி கிடையாது. அதன் கம்பிகளைச் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கும் வேலைக்கு இசக்கியம்மாள் வந்தாள். சுரண்டச் சுரண்டக் கம்பி செதில் செதிலாக உதிர்ந்தது.

நேரே இன்ஜினியர் அறவாழியிடம் போய்ச் சொன்னாள். பாலம் உறுதியாக இருக்கிறது என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர் அவர்.

"அது மேலயே கறுப்புப் பெயின்ட்டை அடி. நாளைக்குக் கலெக்டரம்மா வர்றாங்க. துருங்கிற வார்த்தை உன் வாயில வந்துச்சு, அன்னைக்கே உனக்கு வேலை கிடையாது."

"வராதுங்கய்யா" என்றாள்.

மறுநாள் கலெக்டர் பளபளத்த கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "புதுசு மாதிரி இருக்கே! உள்ளேயும் இப்படித்தானாம்மா?" என்று சுரண்டியோடு நின்ற இசக்கியம்மாளைக் கேட்டார்.

"நம்ம இன்ஜினியரய்யா தலை மாதிரிங்கம்மா. மேலே நல்ல கறுப்பு. வேரைப் பார்த்தாத்தான் வயசு தெரியும்."

அறவாழியின் கை தானாகத் தலைக்குப் போனது. எல்லாரும் சிரித்தார்கள். கலெக்டர் மட்டும் சிரிக்காமல், சுரண்டியை வாங்கித் தானே நாலு இழுப்பு இழுத்தார். பெருவிரல் தடிமன் இருக்கவேண்டிய கம்பி பென்சிலாக மெலிந்து நின்றது. அன்றே பாலத்தை மூடி, பிள்ளைகளுக்குப் படகு விட்டார்கள்.

ஆறு மாதத்தில் கம்பிகளையெல்லாம் மாற்றிப் பாலத்தைத் திறந்தார்கள். அறவாழி நரைத்த தலையோடு வந்தார்.

"இனி அந்த வார்த்தையை நீ தாராளமாச் சொல்லலாம்மா" என்றார்.

இசக்கியம்மாள் பாலத்தைப் பார்த்தாள், அவர் தலையைப் பார்த்தாள்.

"சொல்லலாம்தாங்கய்யா. இனி எதைப் பார்த்துச் சொல்ல?"