மாடியிலிருந்து இறங்கிய சாசனம்

கடலோர ஊர் ஒன்றில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருந்தது. அதன் மாடியில் பதினோராம் வகுப்பு. அந்த வகுப்பு மேசையின் மேல் ஒரு சாசனப் புத்தகம் குடியிருந்தது.

நாட்டின் அரசியல் சாசனம் முழுவதும் தனக்குள் இருப்பதால் அது எப்போதும் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கும். கெட்டி அட்டை, தங்க எழுத்து. யாரும் அதிகம் திறந்ததில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி புத்தம் புதிதாக இருந்தன. அதிலும் அதற்குப் பெருமைதான்.

ஜூன் மாதம் ஆதிலட்சுமி டீச்சர் அந்த வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்த வந்தார். வந்த மறுநாளே கையில் ஒரு நாளிதழைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"தினமும் முதல் பத்து நிமிஷம் இதுதான். கோர்ட்டு, சட்டசபை, பார்லிமெண்ட், எங்க நடந்தாலும் சரி, சாசனத்தைத் தொடுற செய்தியா ஒண்ணு தேடி எடுத்து ஒருத்தி வாசிக்கணும். மத்தவங்க கேள்வி கேக்கணும். வரிசையா எல்லாருக்கும் முறை வரும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாசனப் புத்தகம் நாளிதழை ஓரக்கண்ணால் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளிப் படு. உன் மை என் அட்டையில் ஒட்டுகிறது."

"மன்னிக்கணும் ஐயா. விடிகாலையில்தான் அச்சானேன். இன்னும் காயவில்லை" என்றது நாளிதழ்.

"நாளைக்கு நீ எங்கே இருப்பாய்?"

"ஏதாவது கடையில் வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள்."

"நான் இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது" என்றது புத்தகம். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல வாயை மூடிக்கொண்டது.

நாளிதழ் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் புதிதாகப் பிறந்து வந்தது. செய்திக் குடும்பத்தில் பிறந்ததால் நேற்று நடந்ததெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. வாக்காளர் பட்டியல் வழக்கு, ஆளுநரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மசோதா, ஒரு கிராமத்துச் சுடுகாட்டுப் பாதை என்று நாளுக்கொன்றாகக் கொண்டுவந்து இறக்கியது. பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பத்து நிமிடம் போதாமல் மணி அடித்த பிறகும் சண்டை போட்டார்கள்.

அந்த வகுப்பில் ஜெபக்கனி என்றொரு பெண் படித்தாள். நாலு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு சமதரையில் நன்றாகவே நடப்பாள். பத்தாம் வகுப்புவரை கீழ்த்தளத்தில் இருந்ததால் சிக்கல் இல்லை. இப்போது வகுப்பு மாடியில். இருபத்திரண்டு படிகள். கைப்பிடியும் கிடையாது.

ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைப்பாள். அவளுடைய பையை எடுத்துக்கொண்டு தோழி ரஹ்மத்நிஷா கூடவே ஏறுவாள்.

மாடிப்படிக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது. "நான் என்ன செய்வேன்? என்னை இப்படித்தான் கட்டினார்கள்" என்று வகுப்பு வாசலைப் பார்த்துப் புலம்பும். "இந்தப் பிள்ளை ஏறும்போது மட்டும் எனக்கு என் உயரமே பிடிக்கவில்லை."

ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஜெபக்கனியின் அம்மா ஞானசெல்வம் பள்ளிக்கு வந்தாள். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். டீச்சரை வகுப்பு வாசலுக்குக் கூப்பிட்டு, மகளின் கைகளைப் பிடித்து விரித்துக் காட்டினாள். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"பாருங்க டீச்சர். ராத்திரி சோத்தைப் பிசைய முடியாம ஸ்பூன்ல சாப்பிடுதா. எனக்குப் பாக்க முடியல. திங்கக்கிழமைல இருந்து அனுப்ப மாட்டேன். என்கூடத் தைக்க வரட்டும்."

"எம்மா, நான் படிக்கணும்மா" என்றாள் ஜெபக்கனி.

"படிச்சது போதும்ட்டி." அவ்வளவுதான் சொன்னாள். படியிறங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது மாடிப்படிக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செய்தி வாசிக்கும் முறை ஜெபக்கனிக்கு வந்திருந்தது. கடைசி நாள்தானே என்று அவள் விட்டுவிடவில்லை. ஒன்பதாம் பக்கத்தின் மூலையில், ஒரு நகைக்கடை விளம்பரத்தின் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு செய்தி இருந்தது. எழுந்து நின்று வாசித்தாள்.

வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவி. சக்கர நாற்காலியில் வருகிறவள். வகுப்பை இரண்டாம் மாடியில் வைத்திருந்தார்கள். அவள் வழக்குப் போட்டாள். எட்ட முடியாத இடத்தில் வகுப்பை வைத்துவிட்டு, கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொல்வது அவளைச் சமமாக நடத்துவது ஆகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

வாசித்து முடித்தும் ஜெபக்கனி உட்காரவில்லை.

"ஏட்டி, இது உன் கதைலா!" என்றாள் ரஹ்மத்நிஷா.

மேசைமேல் சாசனப் புத்தகம் செருமிக்கொண்டது. "இதில் என்ன புதுமை? சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று என் பதினான்காம் பிரிவில் எப்போதோ சொல்லிவிட்டேன்."

"சொன்னீர்கள் ஐயா" என்றது நாளிதழ். "மாடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள்."

புத்தகத்துக்குச் சுரீர் என்றது. பதினோரு வருடத்தில் யாரும் அதனிடம் அப்படிப் பேசியதில்லை.

ஜெபக்கனி டீச்சரைப் பார்த்தாள். "நான் ஹெச்செம் சாரைப் பாக்கணும் டீச்சர்."

"நான் வந்து பேசவா?"

"வேண்டாம் டீச்சர், நானே பேசுதேன். அந்தப் புத்தகத்தை மட்டும் தாங்க."

நாளிதழை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, இரண்டையும் மடியில் இருத்திக்கொண்டு, ஜெபக்கனி படிப்படியாக உட்கார்ந்து இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் அவள் உடம்பு தூக்கிப் போடுவதைப் புத்தகம் முதன்முறையாக உணர்ந்தது.

"இன்னும் எத்தனை படி?" என்று கேட்டது.

"பதினாறு" என்றது மாடிப்படி.

புத்தகம் நாளிதழைத் தன் தாள்களுக்குள் இறுக்கிக்கொண்டது.

தலைமையாசிரியர் சுடலைமணி கெட்ட மனிதர் அல்ல. மாணவி வாசலில் நிற்பதைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நல்ல தீர்ப்புதான்மா. ஆனா இது வேற மாநிலத்துக் கோர்ட்டு. நம்மளக் கட்டுப்படுத்தாது. கீழ காலி ரூமும் இல்ல. ஒண்ணு இருக்கு, அதுல உடைஞ்ச பெஞ்சு கிடக்கு. நீ வீட்லயே இருந்து படி, பரீட்சைக்கு மட்டும் வா. நோட்ஸ் குடுத்துவிடச் சொல்லுதேன்."

நாளிதழ் துவண்டுபோனது. "அவர் சொல்வது உண்மைதான்" என்று புத்தகத்தின் காதில் முணுமுணுத்தது. "என்னால் இவ்வளவுதான் முடிந்தது. இனி நீங்கள்தான் பேச வேண்டும்."

ஜெபக்கனி புத்தகத்தைத் திறந்தாள். ஒட்டிக்கிடந்த தாள்கள் பிரிந்தன. முதுகுத் தையல் முறிவதுபோல வலித்தது. புத்தகம் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னை முழுதாக விரித்துக் கொடுத்தது.

"தீர்ப்பு வேற மாநிலத்துதுதான் சார்" என்றாள் ஜெபக்கனி. "ஆனா அவங்க எந்த வரிய வச்சு அதைச் சொன்னாங்களோ, அந்த வரி நாடு முழுக்க ஒண்ணுதான சார். இந்தாங்க, இதான். நம்ம பள்ளிக்கூடமும் அரசாங்கத்துதுதான். பரீட்சைக்கு மட்டும் வான்னு மத்த நாப்பத்தோரு பேருகிட்டயும் சொல்வீங்களா சார்?"

சுடலைமணி அந்த வரியை வாசித்தார். பிறகு இன்னொரு முறை வாசித்தார். பக்கத்தைப் பிடித்திருந்த அவளுடைய தோல் உரிந்த கைகள் அவர் கண்ணில் பட்டன. கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இந்தப் பக்கத்தை நான் இன்னைக்குத்தான்மா திறந்து பாக்கேன்" என்றார். எழுந்து, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்தார். "உங்க வகுப்பு மொத்தத்தையும் கூட்டிட்டு வா. உடைஞ்ச பெஞ்சை வெளிய தூக்கிப் போட ஆள் வேணும்லா."

அன்று மதியம் நாற்பத்திரண்டு பெண்களும் சேர்ந்து பள்ளிக்கூடத்தையே கலக்கிவிட்டார்கள். தூசி, தும்மல், சிரிப்பு, "பாத்துட்டி, கால்ல போட்டுராத!" என்ற கூச்சல். தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்தார். மாடிப்படி தன் மேல் அத்தனை மேசைகளும் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வருத்தம் இல்லை. மேலே ஒன்பதாம் வகுப்பு வரப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். படிக்குக் கைப்பிடி வேண்டும் என்று தலைமையாசிரியர் அன்றே மேலிடத்துக்கு எழுதினார்.

திங்கட்கிழமை காலை ஞானசெல்வம் வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கு வந்தாள். மகள் சொன்னதை அவள் முழுதாக நம்பியிருக்கவில்லை. புது வகுப்பின் ஜன்னலருகே நின்றாள். இரும்புப் பட்டை டக் டக்கென்று ஒலிக்க, ஜெபக்கனி வாசலிலிருந்து முதல் பெஞ்சுவரை நடந்து போய் உட்கார்ந்தாள்.

"யாரும்மா நீங்க? என்ன வேணும்?" என்று ஆதிலட்சுமி டீச்சர் எட்டிப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டதும் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். அந்த முதல் பெஞ்சுல இருக்கது என் மக" என்றாள் ஞானசெல்வம். டீச்சருக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்லிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இரண்டு வாரம் கழித்து நாளிதழ் வேறொரு தீர்ப்பைக் கொண்டுவந்தது. எங்கோ ஒரு கல்லூரி விடுதி. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஆண்கள் நூலகத்துக்குப் போகலாம், பெண்கள் போகக் கூடாது. பாதுகாப்புக்காகத்தானே, விதி செல்லும் என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருந்தது. ரஹ்மத்நிஷா வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஜெபக்கனி எழுந்தாள். "இந்தத் தீர்ப்பு சரியில்ல டீச்சர்."

வகுப்பு திடுக்கிட்டது. கோர்ட்டு சொன்னதைச் சரியில்லை என்று சொல்லலாமா?

"அப்படியா? ஏன்னு சொல்லு" என்றார் டீச்சர்.

ஜெபக்கனி மேசைக்கு வந்து சாசனப் புத்தகத்தை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி எழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் நாலைந்து தலைகள் ஒரே பக்கத்தின் மேல் குனிந்திருந்தன. எண்ணெய் விரல்கள் வரிவரியாக ஓடின. புத்தகம் கசங்கியது. அதன் தங்க எழுத்தில் பாதி அழிந்துபோயிருந்தது. பதினோரு வருடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது வராத பெருமை அப்போதுதான் அதற்கு வந்தது.

அது நாளிதழைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டது: "நீ கொண்டுவந்த தீர்ப்பையே தப்பு என்கிறார்கள். உனக்கு வருத்தமில்லையா?"

"எனக்கென்ன வருத்தம்?" என்றது நாளிதழ். "இத்தனை நாளும் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்."