சந்தியாகு சொல்லவந்த சாட்சி

கடலுக்குப் போன ஐந்து பேரில் நாலு பேர் வரவில்லை. வந்த ஒருவன் சந்தியாகுவின் மகன் கஸ்பார்.

புயலில் படகு கவிழ்ந்து, டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவனை ஏதோ ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் தூக்கிக் காப்பாற்றி, கொச்சியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தான். மற்றவர்களின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பெற்ற தகப்பனுக்குச் சந்தோஷம் இருக்காதா? இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. வாசலில் இறங்கி வலதுபக்கம் திரும்பினால் ஒரு சாவு வீடு, இடதுபக்கம் திரும்பினால் இன்னொரு சாவு வீடு. கஸ்பாரோ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு வெளியிலேயே தலைகாட்டவில்லை.

ஆனால் சந்தியாகு சும்மா இருக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. புயலடித்தபோது கோவிலில் முட்டி போட்டு நேர்ந்திருந்தார். "எம் மவனைத் தா ஆண்டவரே. ஊர் முன்னால நின்னு, நீதான் தந்தேன்னு சாட்சி சொல்லுதேன்." மகன் வந்துவிட்டான். சாட்சி பாக்கி நிற்கிறது. நேர்ச்சையைச் செலுத்தாதவன் வீட்டில் என்ன நடக்கும்? அதை நினைத்தால் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கஸ்பார் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் எழுந்து போய் எட்டிப் பார்த்தார்.

புன்னைத்துறைக் கடற்கரையின் கோடியில், சிலுவை நட்டிருந்த குருசடிக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு எரோணிமுஸ் சாமி என்று ஒருவர் இருந்தார். கோவில் பங்கும் கிடையாது, பதவியும் கிடையாது. வேதம் வாசிப்பார். வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். அவர்தான் சந்தியாகுவுக்குக் குரு. குருவுக்கு நாற்பது வயது, சிஷ்யருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று, முதுகு பிடித்துக்கொண்டு கடல் தொழிலை விட்ட நாளிலிருந்து, மதியம் சாப்பிட்ட கையோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போய்விடுவார்.

மகன் வந்த அன்றைக்கே சாமி சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க. யாருக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லாமல் இருந்து பார்த்தார். முடிந்தவரை இருந்தார். கடைசியில் ஊர்க் கோவிலின் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்க, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்துப் பேசலாம் என்று அனுமதியும் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மதியம் கொட்டகைக்கு வந்தவர், துண்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"வேதத்துல யாயிரோட மக செத்துட்டா. ஆண்டவர் போய்க் கையைப் பிடிச்சு எழுப்புனார். சரிதானே?"

"சரிதான்."

"எழுப்பிட்டு, இது ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லுதார். நடக்குத காரியமா? வாசல்ல ஒப்பாரி வச்சவங்க எல்லாரும் நிக்காவ. மறுநாள் அந்தப் புள்ள குடத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போனா ஊரு பாக்காதா?"

"பாக்கும்."

"பின்னே எதை மறைக்கச் சொன்னார்?"

"பிள்ளையை மறைக்கச் சொல்லல, அண்ணாச்சி."

"வேற எதை?"

"தன்னை."

சந்தியாகுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நல்லாருக்கே! தொழுநோய்க்காரனைச் சுத்தமாக்குவார், சொல்லாதேம்பார். குருடனைப் பாக்க வைப்பார், ஊருக்குள்ளயே போகாதேம்பார். சீடரு பேதுரு பாவம், நீர்தான் உலகத்தை மீட்க வந்த மெசியான்னு வாய் நிறையச் சொல்லுதார். அவரு வாயையும் அடைச்சிருதார். மெசியாவா வந்தவரு என்னத்துக்குச் சாமி ஒளிஞ்சு விளையாடணும்?"

சாமி வேதத்தை மூடி வைத்தார்.

"நாளைக்குச் சாட்சி சொல்லப் போறீங்களா?"

"நேர்ச்சை சாமி. சொல்லித்தான் தீரணும். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் சொல்லத்தான் செய்வேன்." குருவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"வேண்டாம்னு சொல்லல. ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வீட்ல சொல்லிப் பாருங்க. வாங்க, போவோம்."

எந்த வீடு என்று சாமி சொல்லவில்லை. வெயிலில் மணல் சுட்டது. கோவிலைத் தாண்டி, மீன் ஏலக்கூடத்தைத் தாண்டி, சந்துக்குள் திரும்பியபோதுதான் சந்தியாகுவுக்குப் புரிந்தது. பிரகாசியின் வீடு. கஸ்பாரோடு அதே படகில் போன இன்னாசியின் அம்மா. புருஷன் போய் வருஷக்கணக்காகிறது. இருந்தது அந்த ஒரே பிள்ளை.

"இங்கயா சாமி?"

"இங்கதான்."

திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் பிரகாசி கண்டுவிட்டாள். எழுந்து வந்து, சாமிக்கும் அவருக்கும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்களே வந்துட்டீங்களா அண்ணே? நான்தான் உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். நாளைக்குச் சாட்சி சொல்லுதீங்களாமே. ஏலக்கூடத்துல பேசிக்கிட்டாவ."

பங்குச் சாமியாரைத் தவிர சந்தியாகு ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார். அதுவும் வெளியே விடாதே என்று சொல்லித்தான்.

"ஆமாம்மா... நேர்ச்சை..."

"நாளை வரைக்கும் என்னால பொறுக்க முடியாதுண்ணே. இப்பவே சொல்லுங்க. என்ன செபம் சொன்னீங்க?"

"வழக்கமா சொல்லுததுதான். செபமாலை."

"நானும் அதான் சொன்னேன். உங்களுக்குப் பின்னாலதானே நான் முட்டி போட்டிருந்தேன்?"

"ஆமா."

"என்ன நேர்ந்தீங்க?"

அவர் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"நான் இந்தச் சங்கிலியை மாதா கழுத்துல போடுதேன்னு நேர்ந்தேன். பெறகு போடுதேன்னு சொன்னது தப்போ? அப்பவே கழத்திக் கொடுத்திருக்கணுமோ?"

சந்தியாகு சாமியைப் பார்த்தார். சாமி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒத்தாசைக்கு வருவார் என்று தோன்றவில்லை.

"எனக்கே தெரியும்ணே," என்றாள் பிரகாசி. "விடியக்காலம் நான் கண்ணசந்துட்டேன். சுவத்துல சாஞ்சவ அப்படியே தூங்கிப் போயிட்டேன். முழிச்சுப் பார்த்தா நீங்க முட்டி போட்டபடியே இருக்கீங்க. அந்த நேரத்துலதான் எம் புள்ள போயிருப்பான். பெத்தவளே தூங்கிட்டா ஆண்டவர் மட்டும் எப்படி முழிச்சிருப்பார்?"

அழுகையே இல்லை. அழுது முடித்து, காரணத்தையும் கண்டுபிடித்து வைத்துவிட்டவளின் முகம் அது.

"அப்படியெல்லாம் இல்ல பிரகாசி. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

"தப்பு இல்லையா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்போ உங்க புள்ளைய மட்டும் ஏண்ணே?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. நாளைக்குப் பேசுவதற்காகச் சந்தியாகு ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். என் செபத்தைக் கேட்டார், என் கண்ணீரைப் பார்த்தார், நம்பினவனைக் கைவிடவில்லை. இந்த வீட்டுக்குள் அதில் எந்த வார்த்தையைச் சொல்வது? வாரேன்மா என்று எழுந்துவிட்டார்.

பிரகாசி வாசல்வரை வந்தாள்.

"நாளைக்கு நான் முன்னாலயே வந்து உக்காந்துக்கிடுதேன். ஒண்ணு விடாம விவரமா சொல்லுங்கண்ணே. நான் எங்க தப்புனேன்னு கேட்டுக்கிடுதேன்."

கடற்கரைக்கு வந்து சேரும்வரை சந்தியாகு துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு வந்ததும் விக்கி விக்கி அழுதார்.

"படுபாவி, நான் என்ன காரியம் பண்ணப் பார்த்தேன்!"

சாமி பக்கத்தில் நின்றார்.

"சாமி, யாயிர் இருந்த ஊர்ல அன்னைக்கு வேற புள்ளையும் செத்திருக்குமோ?"

"செத்திருக்கும். எந்த ஊர்லதான் சாவில்ல?"

"அந்தத் தாய்க்காகத்தான் சொல்லாதேன்னாரா?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் அங்க இல்ல."

சந்தியாகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் பேசல சாமி. பங்குச் சாமியார்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிருதேன்."

"சரி."

சொல்லிவிட்டாரே தவிர, நாலு எட்டு வைப்பதற்குள் பழைய பயம் வந்து பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டார். சாமியின் கையை எட்டிப் பிடித்தார். அந்தப் பிடியில் சாமிக்கு வலித்திருக்கும்.

"சாமி, நேர்ச்சை? ஊர் முன்னால சொல்லுதேன்னு வாக்குக் கொடுத்துல்லா புள்ளைய வாங்குனேன். இப்போ சொல்லலைன்னா எம் மவனைத் திரும்ப எடுத்துக்கிடுவாரே! நான் என்ன செய்வேன்? எங்க கொண்டுபோய் அவனை ஒளிச்சு வைப்பேன்?"

சாமி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நேர்ச்சை தவறினா கொடுத்த பிள்ளையைப் பறிச்சுக்கிறவர். தாய் கண்ணசந்தா அவ பிள்ளையைத் தண்ணியில முக்கிக் கொல்றவர். நாளைக்கு மைக்கைப் பிடிச்சு இந்த ஆண்டவரைத்தானே ஊருக்குக் காட்டப் போனீங்க?"

சந்தியாகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவர் யாரு அண்ணாச்சி?" என்றார் சாமி. "எனக்கு இந்த ஆளைத் தெரியாது."